இரவல் மருந்தில் எத்தனை நாள் வாழ்வது?

மருந்து வரும் வழி பிறன் கையில் இருக்குமாயின், நோயாளியின் உயிரும் அவன் கையிலேதான் இருக்கிறது. இந்த உண்மையைக் கொழும்பு மாநகரில் வாழ்வோருக்கு நூல் வைத்து விளக்கவேண்டியிருக்கலாம். வவுனியாவில் வாழ்வோருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டுகளிலே தாண்டிக்குளத்திலும், பின்னர் ஓமந்தையிலும், மருந்துப் பெட்டிகள் எவ்வாறு எண்ணப்பட்டன, எவை வடக்கே போயின, எவை திருப்பி அனுப்பப்பட்டன என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் இவ்வூரில் இன்றும் உயிரோடிருக்கிறார்கள். சாவடி நீங்கிவிட்டது. ஆனால், ஒரு கேள்வியை நம் மனத்தைத் தொட்டுக் கேட்போம்: சாவடி உண்மையில் நீங்கிவிட்டதா? அல்லது, நம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு இடம் மாறிவிட்டதா?

2021ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? அவ்வாண்டு தை மாத இறுதியில் இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் இலங்கைக்கு வந்தன. நன்றியோடு ஏற்றோம். சில திங்கள்களுள் இந்தியாவிலேயே கொவிட் நோய் காட்டுத்தீயெனப் பரவிற்று. அந்நாடு ஏற்றுமதியை நிறுத்திற்று. தன் வீடு எரியும்போது அயலானுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லையென்று எவரைக் குறைகூறுவது? ஆயினும், முதல் ஊசியை ஏற்றிக்கொண்டு இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்த ஏறத்தாழ 6 இலட்சம் இலங்கையர், யூலை மாதத்தில் யப்பான் நாடு இரங்கி அனுப்பும்வரை வானத்தைப் பார்த்திருந்தனர். அதே யூலையில், புதுமுறை மருந்தாகிய பைசர் ஊசி முதற்றொகுதியாக வந்து சேர்ந்தது. எத்தனை? 26,000! இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டுக்கு 26,000!

அடுத்த ஆண்டு இதனினும் கொடிது. கருவூலத்தில் டொலர் தீர்ந்தது. அதனோடு வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிகளும் வெறுமையாயின. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே, அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் மருந்தின்மையால் நிறுத்திவைக்கப்பட்டன. நூற்றுக்கு 80 வீதத்துக்கும் மேலான மருந்தைப் பிறநாட்டில் வாங்கும் தேசத்துக்கு வேறு என்ன கதி?

இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதை நம் பாட்டிமார் சொன்ன கதை. அந்தக் கதையை இலங்கை அரசாங்கம் தன் சுகாதாரக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டுள்ளது.

பாம்பு நம்முடையது, மருந்து பிறருடையது

கமக்காரப் பெருமக்களே! ஊசியும் டொலரும் படித்தவர்கள் பேச்சு என்று நீங்கள் ஒதுங்கிவிடல் வேண்டாம். உங்கள் வரம்பிலே கிடக்கும் பாம்பைக்கொண்டே இதனை விளக்குவோம்.

பெரும்போக அறுவடையின்போது கண்ணாடிப் புடையன் தீண்டினால், உங்களை வவுனியா வைத்தியசாலைக்குத் தூக்கிவருகிறார்கள். அங்கே ஏற்றப்படும் நஞ்செதிர் மருந்து எங்கிருந்து வருகிறது? இந்தியாவிலிருந்து. அம்மருந்தை ஆக்குவதற்கு வேண்டிய நஞ்சு எங்கே எடுக்கப்பட்டது? பெரும்பாலும் தமிழ்நாட்டிலே, சென்னைக்குத் தெற்கேயுள்ள வடநெம்மேலியில், 1978இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலே. அந்த இருளர் மக்களின் உழைப்பு எத்தனையோ இலட்சம் உயிர்களைக் காத்துள்ளது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால், அந்த மருந்து இந்தியப் பாம்பின் நஞ்சுக்கு ஆக்கப்பட்டது. இலங்கைப் புடையனின் நஞ்சு அதனோடு முற்றும் ஒத்ததன்று. நம் நாட்டில் மிகப் பலரைத் தீண்டும் மூக்கு நிமிர்ந்த சிறு விரியனுக்கோ அந்த மருந்தில் இடமேயில்லை. அதற்குமேல், மருந்தேற்றப்பட்டவர்களுட் பலர் ஒவ்வாமையால் நடுங்கித் துன்புறுவதை எந்த வைத்தியரும் சொல்லுவார்.

பேராதனை அறிஞர்கள் கொஸ்தா றிக்கா நாட்டு நிறுவகத்தோடு இணைந்து, நம் பாம்புகளின் நஞ்சிலிருந்தே ஒரு மருந்தை ஆக்கிப் பரிசோதித்தும் காட்டினர். ஆயினும், நம் வைத்தியசாலைகளுக்கு இன்றும் வருவது பெரும்பாலும் கடல் கடந்த மருந்தே. அறிவு இருந்தது, ஆய்வு இருந்தது. ஆய்வுகூடத்துக் குப்பியிலிருந்து வைத்தியசாலை அலுமாரிக்குச் செல்லும் பாலந்தான் இருக்கவில்லை.

அந்தப் பாலத்தின் பெயரே பேரளவு உற்பத்தி. இக்கட்டுரையின் பொருள் அதுவே.

கொழுப்புறையின் கதை

கொவிட் காலத்தில் உலகத்தைக் காத்த ஊசிகளுள் இரண்டு, பைசரும் மொடேர்னாவும், புதுவகை மருந்துகள். பழைய தடுப்பூசியில் நலிந்த கிருமியோ, கிருமியின் துண்டோ இருக்கும். இப்புதிய ஊசியில் இருப்பது ஒரு கட்டளைக் கடிதம். விஞ்ஞானிகள் அதனைத் தூது ஆர்.என்.ஏ. என்பர். 'இந்தப் புரதத்தை ஆக்கு' என்று உடலின் கலத்துக்குச் சொல்லும் ஓலை அது. கலம் அந்தப் புரதத்தை ஆக்குகிறது; உடல் அதனைக் கண்டு பகையை அடையாளம் பழகுகிறது. இதற்கு வழி கண்ட கத்தலின் கரிக்கோ அம்மையாருக்கும் துரு வைஸ்மன் அவர்களுக்கும் 2023ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

பரிசு ஓலையை எழுதியவர்களுக்குக் கிடைத்தது, சரி. ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது? வெறும் ஆர்.என்.ஏ.யை ஊசியிலேற்றினால், இரத்தத்திலுள்ள நொதியங்கள் அதனைக் கணத்திற் சிதைத்துவிடும். எனவே அதனை ஒரு கொழுப்புறையிற் பொதியவேண்டும். இலிப்பிட்டு நனோத்துணிக்கை என்பது இந்த உறைதான். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அல்லது அதனிலும் சிறிதே அதன் குறுக்களவு. அதிலே நான்கு வகைக் கொழுப்புகள் உண்டு. மின்னேற்றம் மாறவல்ல கொழுப்பு ஒன்று, இது ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு, கலத்தினுட் புகுந்தபின் கைவிடும். பொசுபோஇலிப்பிட்டு ஒன்று. நம் எல்லோர் இரத்தத்திலும் உள்ள கொலஸ்திரோல் ஒன்று. பொலி எதிலீன் கிளைக்கோல் கோத்த கொழுப்பு ஒன்று. இது துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமற் காக்கும்.

இந்த உறை ஓரிரவிற் பிறந்ததன்று. கனடாவின் வான்கூவர் நகரிலே பேராசிரியர் பீற்றர் கலிஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தோரும் கொழுப்புக்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்ததன் பயன் அது. 2018ஆம் ஆண்டிலே, கொவிட் என்ற சொல்லே பிறவாத காலத்தில், பரம்பரை நரம்பு நோயொன்றுக்கான ஒன்பற்றோ என்ற மருந்து இவ்வகைத் துணிக்கையிற் பொதிந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. 2025ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், உயிர் குடிக்கும் பரம்பரைக் குறைபாட்டோடு பிறந்த ஒரு சிசுவுக்கு, அச்சிசு ஒன்றுக்கென்றே ஆக்கிய மரபணுத் திருத்த மருந்து இதே உறையில் வைத்து ஏற்றப்பட்டது. ஆகவே, இது கொவிட்டோடு முடிந்த கதையன்று. வருங்கால மருத்துவத்தின் வண்டி இது. வண்டி செய்யத் தெரியாதவன் என்றென்றும் வாடகைக்கே அமர்த்தவேண்டும்.

பெருக்கும் வித்தை

ஆய்வுகூடத்தில் ஒரு கரண்டியளவு செய்வது பலருக்கும் கூடும். ஒரு நாட்டுக்குப் போதுமான அளவு, ஒவ்வொரு துளியும் ஒரே தரமாக, செய்வதெப்படி? இங்கேதான் சங்கடம். ஒரு கொத்து அரிசிக்குப் பொங்கத் தெரிந்தவளெல்லாம் கோயிற் பொங்கலுக்கு அண்டா வைக்க முடியுமா? அடி பிடிக்கும், மேல் வேகாது.

முறை இதுதான். கொழுப்பு நான்கையும் எதனோலிற் கரைக்கவேண்டும். ஆர்.என்.ஏ.யைப் புளிப்பான நீர்க்கரைசலில் வைக்கவேண்டும். இரண்டையும் இரு குழாய்களால் வேகமாகச் செலுத்தி ஒரு சந்தியில் மோதவிடவேண்டும். ஆயிரத்தில் சில கூறான ஒரு விநாடிக்குள் அவை கலந்துவிட்டால், கொழுப்பு தானாகவே ஆர்.என்.ஏ.யைச் சூழ்ந்து நுண்ணிய துணிக்கையாகும். கலப்பு மந்தமானால் துணிக்கை பருத்துவிடும், சமமின்றிப் போகும். அதன்பின் எதனோலை வடிகட்டி அகற்றவேண்டும், புளிப்பை நீக்கவேண்டும், கிருமி நீக்கும் நுண்வடியில் வடிக்கவேண்டும், குப்பியில் அடைத்து உறையவைக்கவேண்டும்.

பெரிய அண்டாவில் ஊற்றிக் கலக்கினால் என்ன? முடியாது. அண்டா பெருக்கக் கலப்பு மந்தமாகும். பைசர் நிறுவனம் அமெரிக்காவின் கலமசூ நகரத்து ஆலையில் என்ன செய்தது? ஒரு நாணயத்தின் அளவேயான கலப்புச் சந்தியை எடுத்துக்கொண்டது. அதனை மலையளவு பெருப்பிக்க முயலவில்லை. அதே அளவிற் பல சந்திகளை வரிசையாக வைத்து, பம்பிகளையும் கணினிகளையும் பூட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே வேகத்திற் பாய்ச்சியது. உலகமே வியந்த உற்பத்தி அந்தச் சிறு சந்திகளிலிருந்தே பெருகிற்று.

வன்னி மக்களே, இந்த வித்தை உங்களுக்குப் புதிதா? உங்கள் முன்னோர் இந்த வரண்ட நிலத்தை எவ்வாறு வயலாக்கினர்? ஒரே ஒரு பெருங்கடலைத் தோண்டினரா? இல்லை. ஊருக்கொரு குளம், குளத்தின் வான் வழிந்தால் கீழே மற்றொரு குளம், அதன் கீழே இன்னொன்று என்று நூற்றுக்கணக்கான சிறு குளங்களைத் தொடுத்தனர். இரணைமடுவும் பாவற்குளமும் பெரியன. ஆனால் வன்னியின் உயிர் அந்தச் சிறு குளங்களிலேயே தங்கியிருந்தது. அளவறிந்து செய்த சிறியதைப் பலவாகப் பெருக்குவதே பெருக்கத்தின் வழி என்பதைக் கலமசூ கண்டறியுமுன்னரே கண்டவர்கள் நம் குளங்கட்டிகள்.

கணக்கையும் பாருங்கள். பைசர் ஊசி ஒன்றிலுள்ள கொழுப்பு ஏறத்தாழ முக்கால் மில்லிகிராம். ஆர்.என்.ஏ.யோ 30 மைக்ரோகிராம். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வாழும் நாலு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் எல்லோருக்கும் இவ்விரண்டு ஊசி போடுவதாயினும், சேதாரம் நீங்கலாகக் கணக்கிட்டால், ஒரு கிலோ கொழுப்பே அதிகம்! ஒரு கிலோ! ஒரு சீனிப் பொதியின் நிறை! இத்துணைச் சிறியதை ஆக்க நமக்கு நிலமில்லையா, நீரில்லையா? இல்லாதது துணிவுதான்.

'நம்மால் ஆகுமோ?' என்போருக்கு

இதனைச் சொன்னவுடன் பெருமூச்சு விடுவோர் உளர். அவர்களுட் பலர் படித்தவர்கள். சிலர் பட்டங்களைப் பெயரின் பின்னே வரிசையாக நிறுத்தியவர்கள். அவர்கள் கூற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'இது பணக்கார நாடுகளின் வேலை' என்பர். தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரத்திலுள்ள அவ்ரிஜென் என்ற சிறு நிறுவனம் பணக்கார நாட்டினதா? உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அங்கே ஒரு தொழினுட்ப மையத்தை அமைத்தது. மொடேர்னா தன் வித்தையைக் கற்பிக்க முன்வரவில்லை. ஆயினும், வெளியான தகவல்களைக் கொண்டே, 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் அவர்கள் அவ்வகை ஊசியைச் சிற்றளவில் ஆக்கிக் காட்டினர். அம்மையத்திடம் கற்றுக்கொள்ளத் தெரிவான நாடுகள் எவை? பங்களாதேசம் உண்டு, பாகிஸ்தான் உண்டு, வியட்நாம், இந்தோனேசியா, கென்யா, செனகல் உண்டு. போரில் எரிந்துகொண்டிருந்த உக்ரைனும் உண்டு! ஏறத்தாழப் பதினைந்து நாடுகளின் அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. யார் தடுத்தார்கள் நம்மை? இனவாதத்துக்குச் செலவிட நேரமிருந்த மந்திரிமாருக்கு ஒரு விண்ணப்பம் எழுத நேரமில்லாமற் போயிற்று.

'குளிர்ப்பதனம் எங்கே? மைனஸ் 70 பாகைக்கு எங்கே போவது?' என்பர். இந்தியாவின் புனே நகரத்து ஜென்னோவா நிறுவனம் ஆக்கிய ஊசி 2022 யூன் மாதத்தில் அனுமதி பெற்றது. உறைநிலையிலேயே நீர் வற்றவைத்துத் தூளாக்கிய மருந்து அது; சாதாரண மருந்துக் குளிர்ப்பெட்டியின் 2 முதல் 8 பாகைக் குளிரே அதற்குப் போதும். வெயிலில் வாழ்பவன் தன் வெயிலுக்கேற்ற வழியைக் கண்டான். பனிநாட்டான் கண்ட வழியையே எண்ணி நாம் ஏன் நடுங்கவேண்டும்?

'காப்புரிமை என்ற வேலி உண்டே' என்பர். உண்டு, அதனை நாம் மறைக்கவில்லை. கொழுப்புறையின் உரிமை பற்றிப் பெரிய நிறுவனங்களே அமெரிக்க நீதிமன்றங்களில் 2022 முதல் மோதிக்கொண்டன. ஆயினும், 92 ஏழை, நடுத்தர நாடுகளில் தன் கொவிட் காப்புரிமையை வற்புறுத்தமாட்டேன் என்று மொடேர்னா 2022 மார்ச்சில் அறிவித்ததே. அந்த 92இல் இலங்கையும் ஒன்றல்லவா? வேலியில் எங்கே கடவை இருக்கிறதென்று பார்க்காமலே, வேலி இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்புகிறவன் எந்த ஊர்க் கமக்காரன்?

'வாங்கினாற் போதுமே' என்பர். இதுவே எல்லாவற்றினும் அபாயமான பேச்சு. 2025 ஓகஸ்ட் மாதத்திலே அமெரிக்க சுகாதாரத் திணைக்களம் தூது ஆர்.என்.ஏ. ஆய்வுத் திட்டங்கள் 22ஐ ஒரே அறிவித்தலில் முடிவுக்குக் கொண்டுவந்தது. பெறுமதி ஏறத்தாழ 50 கோடி டொலர். அங்கே ஆட்சி மாறிற்று. அதனோடு மனமும் மாறிற்று. விற்பவன் மனம் நாளை எப்படி இருக்கும் என்று எவன் உறுதி தருவான்? வாங்கும் கையும் சுத்தமா? தரங்குறைந்த இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு பற்றிய விசாரணையிலே, 2024 பெப்ரவரியில் சுகாதார மந்திரியாக இருந்தவரே கைதானார். வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால், வாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு திணைக்களத்திலே எத்தகைய சந்தேகங்கள் முளைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறந்த மரபு

இந்நாடு எந்நாளும் இப்படி இருந்ததில்லை. 1900ஆம் ஆண்டில் எழுந்த கொழும்பு வைத்திய ஆராய்ச்சி நிறுவகம், விசர்நாய்க்கடிக்கான தடுப்பு மருந்தைத் தானே ஆக்கிய காலம் ஒன்றிருந்தது. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, பகட்டுப் பெயருக்கு விலை கொடுக்காமல் மருந்துக்கே விலை கொடுப்பதெப்படி என்று உலகத்துக்குக் கற்பித்தார். 1987இல் இரத்மலானையில் யப்பானின் உதவியோடு அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் எழுந்தது. அங்கே ஆக்கப்படும் மாத்திரைகளை வவுனியாவிலும் விழுங்குகிறோம். அந்த மரபின் அடுத்த படி எங்கே? ஏணியின் நடுவில் நின்றபடியே தூங்கிவிட்டது இந்நாடு.

நனோ விஞ்ஞானம் இந்நாட்டுக்குப் புதிதுமன்று. 2008இல் இலங்கை நனோத் தொழினுட்ப நிறுவகம் அமைக்கப்பட்டது. அங்குள்ள அறிஞர் யூரியாவை நனோத்துணிக்கையிற் பொதிந்து, பயிருக்கு மெல்ல மெல்ல ஊட்டும் உத்தியொன்றைக் கண்டனர். 2017இல் உலக விஞ்ஞான இதழில் அது வெளியாயிற்று. பின் நடந்ததென்ன? 2021இல் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்திற்று. வயல்கள் மஞ்சளித்தன. கமக்காரன் தெருவுக்கு வந்தான். அவ்வாண்டு ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து நனோ யூரியாத் திரவம் ஆகாய விமானத்தில் ஏற்றிவரப்பட்டது! அது வேறு உத்தி. அதன் பயனைப் பற்றி விவாதமும் உண்டு. ஆயினும், நனோ உரத்தை ஆராய்ந்த நாடே, நனோ உரத்தைப் பறக்கவிட்டு வாங்கிய வெட்கத்தை என்னென்பது! நம் அறிஞரின் கண்டுபிடிப்பு ஆய்வேட்டில் ஏறிற்று; கமக்காரன் தோளில் மூடையாக ஏறவில்லை. இடையிலே பாலமில்லை. உரத்திலே பட்டதை மருந்திலும் படவேண்டுமா?

கட்டடம் அல்ல, கைத்திறன்

'அப்படியானால் வவுனியாவில் ஒரு பெரிய மருந்து ஆலை கட்டட்டும்' என்று எவரேனும் மேடையில் முழங்குவாராயின், அவரையும் நாம் எச்சரிப்போம். தமிழ்நாட்டின் செங்கற்பட்டைப் பாருங்கள். 2012இல் இந்திய மத்திய அரசாங்கம் அனுமதித்த தடுப்பூசி வளாகம் அங்கே 100 ஏக்கரில் எழுந்தது. பல நூறு கோடி இந்திய ரூபா செலவாயிற்று. 2021 மே மாதத்தில், சுடலைகளில் இடமின்றி மக்கள் தவித்தபோது, அந்த வளாகத்திலிருந்து ஓர் ஊசிதானும் வரவில்லை. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரிற் சென்று பார்த்து, தமிழ்நாட்டு அரசிடம் ஒப்படையுங்கள் என்று பிரதமருக்கு எழுதவேண்டியதாயிற்று. சுவர் இருந்தது; சித்திரம் இல்லை. வரைபவனைப் பயிற்றாமற் சுவரை எழுப்பியதன் பலன் அது.

நாம் மட்டும் என்ன திறம்? 2016இல் வடக்குக்கான பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் வைப்பதா, தாண்டிக்குளத்தில் வைப்பதா என்று நம் பிரதிநிதிகள் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றனர். ஈற்றில் வேறோரிடத்திற் கட்டப்பட்டது. கட்டி முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தது. கமக்காரன் தன் மரக்கறியைத் தெருவோரத்தில் வைத்து விற்றான். இடத்துக்குச் சண்டையிட்டுப் பயனை இழந்த இந்தப் பழக்கத்தை மருந்து விடயத்திலும் காட்டினால், வரலாறு நம்மை மன்னிக்காது.

எனவே நாம் கேட்பது மாளிகையன்று. பம்பைமடுவிலே வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் முதல் தனித்த பல்கலைக்கழகமாக நிற்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் தொழினுட்பக் கற்கைகள் பீடமும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் உண்டு. யாழ்ப்பாணத்திலே 1978இற் பிறந்த மருத்துவ பீடம் உண்டு. மூன்றுக்கும் இடையே பஸ் ஓடுகிறது; பேச்சுத்தான் ஓடவில்லை. இம்மூன்றும் சேர்ந்து முதலில் ஒரு கலப்புச் சந்தியை நிறுவட்டும். மருந்தில்லாத வெறுங்கொழுப்புத் துணிக்கையை முதலில் ஆக்கட்டும். இன்று ஆக்கியதும் நாளை ஆக்கியதும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அளக்கட்டும். ஒரு சந்தியில் வென்றபின் இரண்டு, இரண்டில் வென்றபின் பத்து. துணிக்கையின் அளவும், தூய்மையும், ஒவ்வொரு தொகுதியின் பதிவேடும் ஒழுங்காகப் பேணும் இளைஞர் ஐம்பது பேர் இந்த மண்ணில் உருவாகிவிட்டால், ஆலை அவர்களைத் தேடி வரும். ஆள் இல்லாத ஆலை செங்கற்பட்டாகும்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது மூன்று. தொழினுட்பப் பகிர்வுத் திட்டத்திற் பங்குபெற இலங்கை முறையாக விண்ணப்பிக்கவேண்டும். இரத்மலானைக் கூட்டுத்தாபனம் இத்துறைக்கென ஒரு பிரிவைத் திறந்து, வடக்குப் பல்கலைக்கழகங்களை அதிற் சமபங்காளியாக்கவேண்டும். எந்நோய்க்கு முதலில் மருந்து என்ற முடிவிலே கமக்காரன் குரலுக்கும் இடமளிக்கவேண்டும். ஏனெனில், பெரிய நிறுவனங்கள் பணக்காரர் நோயையே முதலில் நாடும். சேற்றில் நிற்பவனைப் பற்றும் எலிக்காய்ச்சலை யார் நினைப்பர்? 2024 டிசம்பரிலே யாழ்ப்பாணத்தில் அக்காய்ச்சல் உயிர்களைக் குடித்ததை மறக்கலாமா? வரம்பிலே தீண்டும் புடையனை யார் நினைப்பர்? தமிழர் ஒருவர் நினைத்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் சக்தி வையாபுரி, பிரித்தானியாவின் றெடிங் பல்கலைக்கழகத்திலே, டென்மார்க் அறிஞரோடு சேர்ந்து, தூது ஆர்.என்.ஏ.யைக் கொழுப்புறையிற் பொதிந்து எலிகளுக்கு ஏற்றினார். பாம்பு நஞ்சின் கூறொன்று தசையைச் சிதைப்பதை அது பெருமளவு தடுத்ததென 2025இல் அறிவித்தனர். அது எலியிற் கண்டது. முன்கூட்டியே ஏற்றிக் கண்டது. நம் புடையனின் நஞ்சும் அன்று. மனிதனுக்கு மருந்தாக இன்னும் நெடுந்தூரம் உண்டு. ஆயினும் வாசல் திறந்திருக்கிறது. நம் பாம்புக்கு நம் மருந்து என்ற நாள் கனவன்று என்பதற்கு அது சாட்சி.

தமிழ் வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! வன்னியின் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடங்களில் மூன்று 'ஏ' எடுத்துவிட்டு விமானச் சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறீர்கள். அவர்களுக்கு இங்கே ஒரு மேசையும் ஒரு கலப்பானும் வைத்துக் கொடுத்தீர்களா? கடல் கடந்து வாழும் நம்மவருட் பலர் இம்மருந்துத் துறையிலேயே உழைக்கிறார்கள். அவர்களிடம் கோயிற் கோபுரத்துக்குப் பணம் கேட்கத் தெரிந்த நமக்கு, ஒரு விடுமுறையில் வந்து நம் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள் என்று கேட்கத் தெரியாமற் போனதேன்?

கமக்காரப் பெருமக்களே! குளக்கட்டு உடைந்தால் அரசாங்க உத்தியோகத்தர் வரும்வரை நீங்கள் காத்திருப்பதில்லை. மண்வெட்டியோடு முதலில் இறங்குபவர்கள் நீங்கள். உங்கள் அமைப்புகள் கூடும் ஒவ்வொரு கூட்டத்திலும், உரத்தோடும் நீரோடும் இந்தக் கேள்வியையும் எழுப்புங்கள்: எங்கள் உயிர் காக்கும் மருந்தை ஆக்கும் வித்தையை எங்கள் பிள்ளைகளுக்கு எப்போது கற்பிப்பீர்கள்? தேர்தற் காலத்தில் உங்கள் வாசலுக்கு வருபவரை இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமற் படியிறங்க விடாதீர்கள்.

அடுத்த கொள்ளைநோய் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வராது. அது வரும்போது மீண்டும் ஒரு விமானத்தை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கப்போகிறோமா? மழைக்காக வானத்தைப் பார்ப்பது உழவனுக்கு அழகு. அப்படிப் பார்த்தவனும் குளங்கட்டி வைத்துக்கொண்டே பார்த்தான். நாம் இன்னும் குளம் கட்டவில்லை. மண்வெட்டியை எடுப்போம்.